ஒளிரும் கிறிஸ்துமஸ் மரத்தை மேனுவல் மோடில் படமெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக் கூடத்தில் மரம் நட்டு, சீரியல் விளக்குகளைச் சுற்றி எரியவிட்ட பிறகு எடுக்கும் படத்தில், கண்ணுக்குத் தெரிந்த அந்தப் பொன்னொளி மட்டும் வருவதில்லை என்பது பலருடைய குறை. கேமராவை மேனுவல் மோடில் வைத்து எடுப்போருக்கு வழக்கமாக எழும் ஐயங்களுக்கான விடைகளைக் கீழே காணலாம். தனியாகக் குறிப்பிடாத இடங்களில் எல்லாம், ஐந்து அல்லது ஆறடி உயர வீட்டு மரத்தையும், லென்ஸ் மாற்றக்கூடிய டிஜிட்டல் கேமராவையும் மனத்தில் வைத்தே எண்கள் தரப்பட்டுள்ளன.

ஆட்டோ மோடில் எடுத்தால் மரம் ஏன் வெளிறிப் போகிறது?

கேமராவின் ஒளிமானி, தான் காணும் காட்சியின் சராசரி வெளிச்சம் நடுத்தரமாக இருக்க வேண்டும் என்ற கணக்கில் இயங்குகிறது. விளக்கணைத்த கூடத்தில் படச்சட்டத்தின் பெரும்பகுதி இருட்டாகவே இருப்பதால், அந்த இருட்டை வெளுக்கச் செய்யும் அளவுக்கு ஒளியை அது உள்ளே விடுகிறது. சுவரும் சோபாவும் தெளிவாகத் தெரிகின்றன. பல்புகளோ நிறமிழந்து வெள்ளைத் திட்டுகளாகிவிடுகின்றன. அளவீடு தற்செயலாகப் பல்புக் கொத்தின் மேல் விழுந்துவிட்டால் இதற்கு நேர்மாறாக, கறுப்பு வெளியில் சில புள்ளிகள் மட்டும் மிஞ்சும். போதாததற்கு ஃபிளாஷும் தானாக எழுந்துகொண்டால், முன்கிளைகளில் பளீரென வெளிச்சம் அடித்து, மரத்தின் சொந்த ஒளியை முற்றிலும் அழித்துவிடும்.

மேனுவல் மோடில் அளவுகளை நாமே ஒருமுறை முடிவு செய்கிறோம். அதன்பின் கேமராவைச் சற்று இடம் வலம் நகர்த்தினாலும் படத்தின் வெளிச்சம் மாறாது. இரவு முழுவதும் ஒரே மரத்தைப் பல கோணங்களில் எடுக்கப்போகிறவருக்கு இது பெரிய வசதி.

எந்த அளவுகளில் தொடங்கலாம்?

முக்காலியில் கேமராவை நிறுத்தி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 200, அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு; எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும்) எஃப் 5.6, ஷட்டர் (ஒளி உள்ளே விழும் நேரம்) 1 விநாடி என்று வைத்து முதல் படத்தை எடுங்கள். பெரும்பாலான வீட்டு மரங்களுக்கு இது ஒரு ஸ்டாப் (வெளிச்சத்தை இரட்டிப்பாக்கும் அல்லது பாதியாக்கும் ஒரு படி) முன்னே பின்னே பொருந்திவிடும். இதே வெளிச்சத்தை எஃப் 4 என்றால் அரை விநாடியிலும், எஃப் 8 என்றால் 2 விநாடிகளிலும், எஃப் 11 என்றால் 4 விநாடிகளிலும் பெறலாம்.

படத்தைத் திரையில் பெரிதாக்கி, ஒரே ஒரு பல்பையும் அதைச் சுற்றியுள்ள இரண்டு அங்குலப் பகுதியையும் மட்டும் உற்றுப் பாருங்கள். பல்பின் நடுப்புள்ளி வெளுத்திருப்பதில் தவறில்லை. எரியும் விளக்கின் மையம் கண்ணுக்கும் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் அந்தப் புள்ளியைச் சுற்றியுள்ள வளையத்தில் சிவப்போ மஞ்சளோ நீலமோ தெளிவாக இருக்க வேண்டும். பல்பை ஒட்டிய இலையூசிகளில் பச்சை தெரிய வேண்டும். வளையமும் வெளுத்திருந்தால் ஷட்டர் நேரத்தைப் பாதியாக்குங்கள். இலையூசிகள் கறுத்துக் கிடந்தால் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். பல்பின் நிறமும் இலையின் பச்சையும் ஒரே படத்தில் பிழைத்திருக்கும் அளவே சரியான அளவு. அறையின் மற்ற பகுதிகள் எப்படித் தெரிகின்றன என்பது அதற்கு அடுத்த கேள்விதான்.

அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ, ஷட்டர் ஆகிய மூன்றில் எதை முதலில் முடிவு செய்வது?

அப்பர்ச்சரைத்தான். மரம் முழுவதும் தெளிவாக வேண்டுமா, ஒரு பொம்மை மட்டும் தெளிவாக வேண்டுமா என்பதை அதுவே தீர்மானிக்கிறது. ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் கொண்ட) கேமராவில் 35 மி.மீ. லென்ஸைப் பொருத்தி, 3 மீட்டர் தொலைவில் ஃபோகஸ் செய்து, எஃப் 5.6 வைத்தால் ஏறக்குறைய 2.1 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை தெளிவாக விழும். வீட்டு மரத்தின் முன்கிளைக்கும் பின்கிளைக்கும் இடையே ஒரு மீட்டர்தான் இருக்கும் என்பதால், இதற்குமேல் அப்பர்ச்சரைச் சுருக்கவேண்டிய தேவை பெரும்பாலும் எழாது.

அடுத்தது ஐஎஸ்ஓ. முக்காலி இருக்கும்போது அதை உயர்த்தக் காரணமே இல்லை; 100 அல்லது 200 போதும். இருட்டுப் பகுதிகளில் மணல்போலப் படியும் இரைச்சலை இது குறைக்கும். எஞ்சிய ஷட்டர் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைத்து வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். மரம் எங்கும் ஓடிவிடப் போவதில்லை என்பதால், ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் இழப்பில்லை.

ஹிஸ்டோகிராம் சரியாக இருந்தும் நீல, சிவப்பு விளக்குகள் வெளுத்துவிடுவது ஏன்?

பொதுவான ஹிஸ்டோகிராம் (படத்தின் இருட்டு, வெளிச்சப் பகுதிகளின் அளவைக் காட்டும் வரைபடம்) மூன்று நிறங்களின் கூட்டு வெளிச்சத்தைத்தான் காட்டுகிறது. நீல எல்இடியின் ஒளியோ ஏறக்குறைய முழுவதும் நீலப் பகுதியில் மட்டுமே சென்று குவிகிறது. எனவே நீல அலைவரிசை எல்லை தாண்டி வழிந்த பிறகும், மொத்தக் கணக்கில் எல்லாம் நலமாக இருப்பதுபோல் தோன்றும். கேமராவின் மெனுவில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வரைபடங்களைத் தனித்தனியே காட்டும் வசதியைத் தேர்ந்துகொள்ளுங்கள். பல்புகளின் மையத்தால் வலது ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று எப்போதும் இருக்கும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். எந்த நிறமாவது ஓரத்தில் தடித்து ஏறி நின்றால் ஒரு ஸ்டாப் குறையுங்கள். ஒரே நிற வெண்மஞ்சள் விளக்குகளைவிடப் பலநிற விளக்குகளுக்குக் குறைந்த வெளிச்சமே நல்லது.

அறை விளக்குகளை அணைத்துவிட வேண்டுமா?

டியூப்லைட்டைக் கட்டாயம் அணைக்க வேண்டும். அதன் குளிர்ந்த வெண்ணொளி மேலிருந்து சமமாக விழுந்து சீரியல் விளக்குகளை ஒளியற்றவையாக்கும். பச்சை ஊசிகளுக்கும் ஒரு வெளிறிய சாயலைப் பூசிவிடும். அதேவேளை, அறையை முழுக்க இருட்டாக்குவதும் நல்லதன்று என்பது என் உறுதியான கருத்து. இருட்டறையில் பல்புக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு கேமராவின் உணரி தாங்கும் எல்லையைக் கடந்துவிடுவதால், மரத்தின் வடிவமே தெரியாமல் புள்ளிகளின் கூட்டமாகப் படம் முடிந்துவிடுகிறது.

நடுவழி ஒன்று உண்டு. வெதுவெதுப்பான மஞ்சள் நிற பல்பு ஒன்றை அடுத்த அறையில் எரியவிட்டுக் கதவைச் சற்றே திறந்து வையுங்கள். அல்லது மேசை விளக்கைக் கேமராவுக்குப் பின்னால் சுவரை நோக்கித் திருப்பி வையுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் மங்கலான ஒளி, மரத்தின் விளக்குகளோடு போட்டியிடாமல், கிளைகளின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொடுக்கும். மேசை விளக்கை ஏற்றியும் அணைத்தும் ஒவ்வொரு படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அணைத்தபோது மரத்தின் ஓரக்கோடு மறைந்தால் அந்த விளக்கு தேவை என்று பொருள்.

இதைவிடவும் அழகான துணைவிளக்கு அந்திவானம். மரத்தின் பக்கவாட்டில் சன்னல் இருந்தால், பொழுது சாய்ந்து பதினைந்து நிமிடங்கள் கழித்து எடுங்கள். சென்னையில் டிசம்பர் இறுதியில் ஏறத்தாழ மாலை 5.45 மணிக்குச் சூரியன் மறைகிறது. 6 மணியையொட்டிய சில நிமிடங்களில் சன்னல் நீலமும் மரத்தின் மஞ்சளும் சமமான வலுவோடு நிற்கும். அந்த நீலம் நம் ஊரில் விரைவாகக் கறுத்துவிடும் என்பதால், முக்காலி, ஃபோகஸ், சட்டகம் எல்லாவற்றையும் முன்னதாகவே ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும்.

நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை எப்படி வைப்பது?

ஆட்டோவில் விட வேண்டாம். மஞ்சள் ஒளியைப் பிழை என்று கருதி அதை நீக்கப் பார்க்கும் இயல்பு ஆட்டோ ஒயிட் பேலன்ஸுக்கு உண்டு. நீங்கள் படமெடுக்க விரும்புவதோ அந்த மஞ்சளைத்தான். வெண்மஞ்சள் விளக்குகளின் நிறவெப்பம் பொதுவாக 2700 முதல் 3000 கெல்வின் வரை இருக்கும். கேமராவில் அதே எண்ணை வைத்தால் விளக்குகள் வெள்ளையாகிவிடும். ஆகவே 3500 முதல் 4000 வரை வைத்து, பொன்னிறம் கொஞ்சம் தங்கும்படி விடுங்கள். பலநிற விளக்குகளுக்கு 4000 நல்ல தொடக்கம்.

விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தும் படத்தில் பாதி அணைந்திருப்பது எதனால்?

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். முதலாவது, கண்ணுக்குத் தெரியாத மின்துடிப்பு. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் ஆகிய நாடுகளில் மாறுமின்னோட்டம் விநாடிக்கு 50 சுற்றுகள் ஓடுகிறது. நேரடியாக மின்செருகியில் மாட்டும் எல்இடி சரங்கள் அதற்கேற்ப விநாடிக்கு 100 முறையோ, மலிவான வகையானால் 50 முறையோ எரிந்து அணைகின்றன. 1/500 விநாடி போன்ற வேகத்தில் எடுத்தால், சரம் அணைந்திருக்கும் கணம் அப்படியே பதிவாகிவிடும். எலக்ட்ரானிக் ஷட்டர் என்றால் குறுக்கே கறுப்புப் பட்டைகளும் விழலாம். 1/50 விநாடியோ அதற்கு மெதுவாகவோ வைத்தால் ஒரு முழுச் சுற்று படத்திற்குள் அடங்கிவிடும். கனடாவிலும் அமெரிக்காவிலும் இருப்போர் 60 சுற்றுகளைக் கணக்கில் கொண்டு 1/60 அல்லது அதற்கு மெதுவாக வைக்க வேண்டும்.

இரண்டாவது காரணம், சரத்தோடு வரும் சிறிய பெட்டி. அதிலுள்ள பொத்தானை அழுத்த அழுத்த ஓடுதல், மினுக்குதல், மெல்ல மங்குதல் என்று விளக்கின் போக்கு மாறும். பெரும்பாலான பெட்டிகளில் அசையாமல் எரியும் நிலை ஒன்றும் இருக்கும். அதைத் தேடி வையுங்கள். அப்படியொரு நிலை இல்லாவிட்டால், விளக்கு ஒருமுறை முழுதாக ஓடிமுடிய எத்தனை விநாடிகள் ஆகின்றன என்று எண்ணிப் பார்த்து, ஷட்டரை அதற்குக் குறையாமல் திறந்து வையுங்கள். நான்கு விநாடிச் சுற்று என்றால் ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 4 விநாடி பொருந்தும். அந்த நேரத்திற்குள் ஒவ்வொரு பல்பும் தன் முறைக்கு எரிந்திருக்கும் என்பதால், படத்தில் எல்லாமே எரிவதுபோல் தெரியும். எனினும் ஒவ்வொன்றும் சற்று நேரமே எரிந்திருப்பதால் வெளிச்சம் குறைவாகத்தான் பதிவாகும். அதற்கேற்ப அப்பர்ச்சரை ஒரு ஸ்டாப் திறந்துகொள்ளலாம்.

முக்காலியில் வைத்தும் படம் ஆடிப்போய் வருகிறதே?

முதலில் மின்விசிறியைப் பாருங்கள். நம் வீடுகளில் டிசம்பரிலும் விசிறி ஓடுவது வழக்கம். கேமரா அசையாவிட்டாலும் மரம் அசைந்துகொண்டிருக்கும். பிளாஸ்டிக் மரத்தின் கம்பிக்கிளைகள் ஓரளவு தாங்கும். சவுக்குக் கிளையை வெட்டி மணல்வாளியில் நட்டு மரமாக அலங்கரிக்கும் வீடுகளில் நிலைமை வேறு. சவுக்கின் நூல்போன்ற நுனிகள் ஆள் கடந்துபோகும் காற்றுக்கே ஆடும். அவற்றின்மேல் தொங்கும் ஜிகினாச் சரமோ விசிறியை நிறுத்திய பின்னும் சிறிது நேரம் சுழன்றுகொண்டே இருக்கும். விசிறியை அணைத்து, சன்னலைச் சாத்தி, ஜிகினா ஓய்ந்து நின்ற பிறகே ஷட்டரை அழுத்த வேண்டும். ஒரு நுனிக்கிளையை நேரலைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், அது நின்றுவிட்டதா என்பது உடனே தெரியும்.

அடுத்தது கேமராவின் அசைவு. பொத்தானை விரலால் அழுத்தும் அதிர்வே படத்தைக் கெடுக்கப் போதுமானது. 2 விநாடி டைமரைப் பயன்படுத்துங்கள். லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இருந்தால், முக்காலியில் இருக்கும்போது அதை அணைத்துவிடுவது பாதுகாப்பு. சில லென்ஸ்களில் இல்லாத அசைவைத் தேடிப்போய் அதுவே அசைவை உண்டாக்கும். முக்காலி இல்லாதவர் ஸ்டூலின்மேல் கேமராவை வைத்து, லென்ஸுக்கு அடியில் மடித்த துண்டொன்றைக் கொடுத்தாலும் நன்றாகவே எடுக்கலாம்.

இருட்டில் ஃபோகஸ் பிடிப்பதில்லை. என்ன செய்யலாம்?

டியூப்லைட்டை ஏற்றி, மரத்தின் முன்பாகத்தில் தொங்கும் ஒரு பொம்மையின் விளிம்பில் ஆட்டோஃபோகஸ் செய்துகொள்ளுங்கள். பிறகு லென்ஸை மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றி, விளக்கை அணைத்துவிட்டு எடுங்கள். அதன்பின் ஃபோகஸ் வளையத்தையோ ஜூமையோ தொடக்கூடாது.

விளக்குகளைச் சுற்றி நட்சத்திரக் கதிர்கள் வரவைப்பது எப்படி?

அப்பர்ச்சரைச் சுருக்கினால் போதும். சிறிய துளையின் வழியே வரும் ஒளி, துளையை உருவாக்கும் தகடுகளின் விளிம்பில் வளைந்து கதிர்களாகப் பிரிகிறது. தகடுகளின் எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் கதிர்களும் அதே எண்ணிக்கையில் இருக்கும். ஒற்றைப்படை என்றால் அதைப்போல இருமடங்கு. எட்டுத் தகடு லென்ஸ் எட்டுக் கதிர்களையும், ஏழு தகடு லென்ஸ் பதினான்கு கதிர்களையும் தரும். எஃப் 16இல் கதிர்கள் நீளும். ஆனால் அதே ஒளிவளைவு படம் முழுவதன் கூர்மையையும் சற்றுக் குறைக்கும். எஃப் 11 போதுமானது என்பது என் எண்ணம். நூறு பல்புகளுக்கும் நீண்ட கதிர்கள் முளைத்தால், கண் எங்கே தங்குவது என்று தெரியாமல் அலையும்.

விளக்குகளைப் பெரிய ஒளிவட்டங்களாக மாற்றுவது எப்படி?

இதற்கு எதிர்வழியில் செல்ல வேண்டும். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை முழுவதும் திறந்து வைத்து, மரத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டர் முன்னே ஒரு பொருளை வைத்து, அதற்கு மிக அருகில் நின்று ஃபோகஸ் செய்யுங்கள். குடிலில் வைக்கும் சிறு சுரூபம், கண்ணாடி உருண்டை, எரியும் மெழுகுவத்தி என எதுவும் பொருந்தும். பொருளுக்கு எவ்வளவு நெருங்குகிறீர்களோ, மரம் எவ்வளவு பின்னால் தள்ளியிருக்கிறதோ, அவ்வளவுக்கு வட்டங்கள் பெரிதாகும். முழுத்திறப்பில் சட்டத்தின் நடுவில் முழுவட்டமாகவும் ஓரங்களில் பூனைக்கண் வடிவிலும் அவை தெரியும். எஃப் 4 அளவுக்குச் சுருக்கினால், பல லென்ஸ்களில் தகடுகளின் வடிவம் எட்டிப்பார்க்கும். ஐஎஸ்ஓ 200இல் ஷட்டரை 1/10 விநாடியளவில் தொடங்குங்கள்.

குழந்தையை மரத்தோடு சேர்த்து எடுக்க வேண்டும். ஒரு விநாடி அசையாமல் இருக்கமாட்டார்களே?

இங்கேதான் ஐஎஸ்ஓவை உயர்த்தத் தயங்கக்கூடாது. எஃப் 2, 1/100 விநாடி, ஐஎஸ்ஓ 3200 என்பது முதலில் சொன்ன அளவுக்கு ஏறத்தாழ நிகரான வெளிச்சத்தைத் தரும். சற்று அமைதியாக அமர்ந்திருக்கும் குழந்தை என்றால் 1/50 விநாடி, ஐஎஸ்ஓ 1600 போதும். மின்துடிப்பைக் கருதியே இவ்விரு வேகங்களைச் சொல்கிறேன்; விநாடிக்கு 50 முறை துடிக்கும் மலிவான சரமானால் 1/50ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

எண்களைவிட முக்கியமானது குழந்தை அமரும் இடம். மரத்துக்கு முதுகைக் காட்டிக் கேமராவைப் பார்த்து நிற்கவைத்தால், முகத்தில் விழ ஒளியே இருக்காது. மரத்தின் பக்கவாட்டில், கைநீட்டித் தொடும் தூரத்தில், மரத்தைப் பார்த்து அமரச் செய்யுங்கள். தொலைவு பாதியானால் ஒரு பல்பிலிருந்து வரும் ஒளி நான்கு மடங்காகும் என்பதால், அரை மீட்டர் நெருங்கி அமர்வதே பெரிய மாற்றத்தைத் தரும். ஒரு பொம்மையைக் கையில் கொடுத்து, கிளையில் மாட்டச் சொல்லுங்கள். நுனிக்கிளை விளக்கின் மஞ்சள் ஒளி கன்னத்திலும் விரல்களிலும் படியும் அந்த நேரத்தில் தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

ஃபிளாஷே கூடாதா?

நேராக அடிக்கும் ஃபிளாஷ் கூடாது. தனி ஃபிளாஷ் இருந்தால், அதன் தலையை வெள்ளை மேற்கூரையை நோக்கித் திருப்பி, ஆரஞ்சு நிற ஃபில்டரை மாட்டி, மிகக் குறைந்த சக்தியில், 1/8 விநாடி போன்ற மெதுவான ஷட்டரோடு பயன்படுத்தலாம். பச்சை, ரோஸ் நிறச் சுவர்கள் உள்ள அறையில் சுவரை நோக்கித் திருப்பாதீர்கள். அந்த நிறம் முகத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

படத்தில் எங்கோ ஓரத்தில் பச்சைப் புள்ளிகள் தெரிகின்றன. சென்சார் கெட்டுவிட்டதா?

இல்லை. லென்ஸைப் பாதுகாக்க முன்னால் மாட்டியிருக்கும் யுவி ஃபில்டரைக் கழற்றிவிட்டு மீண்டும் எடுத்துப் பாருங்கள். பல்பின் ஒளி சென்சாரில் பட்டுத் திரும்பி, ஃபில்டரின் தட்டையான கண்ணாடியில் எதிரொளித்து, தலைகீழ்ப் பிம்பமாக மறுபடி பதிவதே அந்தப் புள்ளிகள்.

பொது இடங்களில் நிற்கும் பெரிய மரங்களுக்கும் இதே அளவுகள்தானா?

கோட்பாடு அதுவே, நேரம்தான் வேறு. வானம் முழுக்கக் கறுத்த பிறகு எடுத்தால் மரத்தின் உச்சி இருட்டில் கரைந்துவிடும். லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில், 1947 முதல் ஆண்டுதோறும் நார்வே நாட்டவர் அன்பளிப்பாக அனுப்பும் மரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் விளக்குகள் நார்வே வழக்கப்படி உச்சியிலிருந்து செங்குத்தான சரங்களாக இறங்குகின்றன. வானத்தில் ஆழ்ந்த நீலம் இருக்கும்போது எடுத்தால்தான் அந்தச் சரங்களுக்கு இடையிலுள்ள கிளைகளும் ஊசிமுனை உச்சியும் தெரியும். அங்கே டிசம்பர் இறுதியில் மாலை 4 மணிக்குச் சற்று முன்பே சூரியன் மறைகிறது. நம் ஊரைவிட அந்தி நீண்டு நிற்பதால் அவசரமின்றி எடுக்கலாம். ஐஎஸ்ஓ 200, எஃப் 8, 1 விநாடியில் தொடங்கி, இருட்ட இருட்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். நடந்துபோகும் மக்கள் அந்த ஒரு விநாடியில் கலங்கிய நிழல்களாகப் பதிவதும் படத்துக்கு உயிரூட்டும்.

கைப்பேசியில் மேனுவலாக எடுக்க முடியுமா?

புரோ மோட் இருந்தால் முடியும். கைப்பேசி லென்ஸின் அப்பர்ச்சர் பெரும்பாலும் மாறாதது. ஷட்டரும் ஐஎஸ்ஓவும் மட்டுமே நம் கையில் இருக்கும். எஃப் 1.8 லென்ஸ் என்றால் ஐஎஸ்ஓ 100, 1/5 விநாடி என்று தொடங்குங்கள். கைப்பேசியைப் புத்தகங்களுக்கு இடையே சாய்த்து நிறுத்தி, டைமரில் எடுங்கள். எடுப்பதற்குமுன் லென்ஸை மெல்லிய துணியால் துடைப்பது அவசியம், ஏனெனில் விரல் எண்ணெய் ஒவ்வொரு பல்பிலிருந்தும் ஒரு வெண்கோட்டை இழுத்துவிடும். நைட் மோடைத் தவிர்ப்பது நல்லது. பல படங்களைச் சேர்த்து இருட்டை எல்லாம் வெளுத்துக் காட்டுவதே அதன் வேலை.

ரா கோப்பாக எடுக்க வேண்டுமா, ஜேபெக் போதுமா?

இயன்றால் ரா, அதாவது சென்சார் பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் கோப்பு. ஒயிட் பேலன்ஸை எடுத்த பிறகும் தரம் குறையாமல் மாற்றலாம். இருண்ட கிளைகளை ஒன்றிரண்டு ஸ்டாப் தூக்கிக் காட்டவும் இடமிருக்கும். வெளுத்துப்போன பல்பின் நிறத்தை மட்டும் ராவாலும் முழுமையாக மீட்க முடியாது. எனவே ஐயம் வரும்போது சற்றுக் குறைந்த வெளிச்சத்தில் எடுத்து, கணினியில் நிழல்களை மட்டும் உயர்த்துங்கள். ஜேபெக் மட்டுமே எடுக்கும் கேமரா என்றால், ஒரே சட்டகத்தில் அரை விநாடி, 1 விநாடி, 2 விநாடி என்று மூன்று படங்கள் எடுத்துவைத்து, பெரிய திரையில் பார்த்துத் தேர்ந்துகொள்ளலாம்.